பெஹ்ராம்காலே: டூர் பஸ் திரும்பாத மலையூர்

கோலாலம்பூரில் விற்கும் 10 நாள் துருக்கி பேக்கேஜுகளில் நாலைந்தை எடுத்து வரிசையாக வைத்துப் பாருங்கள். ஓட்டல் மாறும், விலை மாறும், பாதை மட்டும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். இஸ்தான்புல், சனக்காலே, டிராய், அங்கிருந்து தெற்கே இறங்கி பெர்கமம் அல்லது இஸ்மிர், எபேசு, பாமுக்காலே, கொன்யா, கப்படோக்கியா, அங்காரா. டிராய் பார்த்துவிட்டுத் தெற்கே இறங்கும் அந்த மத்தியானத்தில் பஸ் அய்வாஜிக் என்ற சின்ன ஊரைத் தாண்டும்போது பாதிப் பேர் தூக்கத்தில் இருப்பார்கள். அங்கே வலது பக்கம் திரும்பி 20 கிலோமீட்டருக்கும் குறைவாகப் போனால் பெஹ்ராம்காலே. பஸ் திரும்பாது.

ஊர் இருப்பது ஒரு குன்றின் மேல். உச்சியில் கிரேக்கப் பெண் தெய்வமான அதீனாவுக்குக் கிமு 6ஆம் நூற்றாண்டில் கட்டிய கோயில். கோயிலுக்கு வடக்கே, நிலத்தைப் பார்த்த சரிவில் இன்றைய ஊரின் கல்வீடுகள். தெற்கே, கடலைப் பார்த்த சரிவில் அஸ்ஸோஸ் என்ற பழைய கிரேக்க நகரத்தின் இடிபாடுகள். அதற்கும் கீழே சின்னத் துறைமுகம். எதிரே சுமார் 10 கிலோமீட்டர் கடலுக்கு அப்பால் லெஸ்போஸ் தீவு. அது கிரீஸ் நாடு.

முதலிலேயே சொல்லிவிடலாம். முழங்கால் நன்றாக இருக்கிறது, இரவு எட்டு மணிக்கு மேல் செய்ய ஒன்றுமில்லை என்றாலும் பரவாயில்லை என்பவர்கள் தாராளமாக இரண்டு இரவு தங்கலாம். பகலில் வந்து மூன்று மணி நேரத்தில் திரும்பும் திட்டம் வேண்டாம். காலை பதினொன்றிலிருந்து நாலு மணி வரை வெயிலும் பகல்நேரக் கூட்டமும் ஒன்றாகச் சேரும். பார்ப்பது ஒரு குறுகலான கடைத்தெருவும் நாலைந்து தூணும்தான். இந்த ஊரை ஊராகப் பார்க்க வேண்டுமென்றால், கடைக்காரப் பெண்கள் மேசைத் துணியை மடித்துக் கட்டிய பிறகும், மறுநாள் காலை அவர்கள் விரிப்பதற்கு முன்பும் அங்கே இருக்க வேண்டும்.

வழி தவறுவதற்குப் பெரும்பாலும் பெயர்தான் காரணம். அய்வாஜிக் வேறு, அய்வாலிக் வேறு. இரண்டாவது, இன்னும் தெற்கே பாலிகேசிர் மாநிலத்தில் உள்ள கடலோர ஊர், பிரபலமானதும் அதுதான். டிக்கெட் கவுண்டரில் அவசரமாகச் சொன்னால் அதற்குத்தான் சீட்டு கிழிப்பார்கள். போதாக்குறைக்கு, கருங்கடல் பக்கம் சம்சுன் மாநிலத்தில் இன்னொரு அய்வாஜிக் இருக்கிறது. இணையத்தில் பஸ் பதிவு செய்யும்போது ‘சனக்காலே, அய்வாஜிக்’ என்று மாநிலத்தோடு சேர்த்துத் தேர்ந்தெடுங்கள். பெஹ்ராம்காலேயும் அஸ்ஸோஸும் ஒரே இடம். ஊர்க்காரர்கள் சுருக்கமாக ‘பெஹ்ராம்’ என்பார்கள். பழுப்பு நிற வழிகாட்டிப் பலகையில் அஸ்ஸோஸ் என்று இருக்கும்.

பஸ்ஸில் போனால் இஸ்தான்புல்லிலிருந்து சனக்காலே ஐந்தாறு மணி நேரம். அங்கிருந்து எட்ரெமிட், இஸ்மிர் பக்கம் போகும் பஸ்ஸில் ஏறி அய்வாஜிக்கில் இறங்க வேண்டும். ஊருக்குள் நிற்குமா, நெடுஞ்சாலை ஓரத்தில் இறக்கிவிடுமா என்று ஏறும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். அய்வாஜிக்கிலிருந்து பெஹ்ராமுக்கு டொல்முஷ் என்ற வேன் ஓடுகிறது. ‘நிரம்பியது’ என்பதுதான் அந்தச் சொல்லுக்குப் பொருள். பெயருக்கேற்ப, ஆள் சேரும்வரை சில வேன்கள் நகராது. கோடைக்கு வெளியே ஓட்டங்கள் குறைவு, சாயங்காலம் சீக்கிரமே நின்றுவிடும். கடைசி வேனைத் தவறவிட்டால் டாக்சிதான். அதனால் பஸ்ஸில் வருபவர்கள் அய்வாஜிக்கை மதியம் இரண்டு மணிக்குள் தொடும்படி திட்டமிடுவது நல்லது.

வாடகைக் கார் வசதிதான், ஆனால் மூன்று விஷயம் கவனிக்க வேண்டும். அங்கே சாலையின் வலது பக்கம் ஓட்ட வேண்டும், ஸ்டியரிங் இடது பக்கம் இருக்கும். மலிவு வாடகையில் கிடைப்பது பெரும்பாலும் மேனுவல் கியர். நம்மில் ஆட்டோ கியருக்கு மட்டுமான டிஏ லைசென்ஸ் வைத்திருப்பவர்கள் ‘ஆட்டோ’ என்று குறிப்பிட்டுத்தான் பதிவு செய்ய வேண்டும். சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜேயில் அனைத்துலக ஓட்டுநர் உரிமத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள். டோல் கட்டுவது எச்ஜிஎஸ் என்ற ஸ்டிக்கர் வழியாக. நம்மூர் ஆர்எஃப்ஐடி மாதிரி. அது காரில் ஒட்டியிருக்கிறதா, கணக்கு யார் பொறுப்பு என்று சாவி வாங்கும்போதே கேளுங்கள். 2022இல் திறந்த 1915 சனக்காலே பாலத்தின் வழியாகப் போனால் படகுக்குக் காத்திருக்க வேண்டாம். அந்தப் பாலத்தின் நடு இடைவெளி 2023 மீட்டர். தொங்கு பாலங்களில் உலகிலேயே நீளமானது. டோல் கொஞ்சம் உறைக்கும்.

கோலாலம்பூர் விமான நிலையமான கேஎல்ஐஏவிலிருந்து இஸ்தான்புல்லுக்கு நேரடி விமானம் சுமார் 11 மணி நேரம். இரவு முழுவதும் பறந்துவிட்டு, அதே காலையில் பெஹ்ராம் வரை ஒரே மூச்சில் ஐந்து மணி நேரம் பழக்கமில்லாத பக்கத்தில் கார் ஓட்டுவது முட்டாள்தனம். முதல் இரவு வழியிலேயே சனக்காலேயில் தூங்குங்கள். மறுநாள் காலை 30 கிலோமீட்டர் தெற்கே டிராய் இடிபாடுகளையும், அதன் பக்கத்தில் 2018இல் திறந்த டிராய் அருங்காட்சியகத்தையும் பார்த்துவிட்டு, நாலு மணி வாக்கில் பெஹ்ராம் போய்ச் சேரலாம். மலேசியக் கடப்பிதழுக்கு விசா வேண்டாம், 180 நாளில் 90 நாள் வரை இருக்கலாம். கடப்பிதழில் ஆறு மாதமாவது மீதம் இருக்கட்டும்.

தங்குவதற்கு இரண்டு இடம்: மேலே ஊர், கீழே துறைமுகம். கீழே உள்ள கல் ஓட்டல்கள் முன்பு பண்டகசாலைகளாக இருந்தவை. தோல் பதனிட உதவும் ஒருவகைக் கருவாலிக் கொட்டையை அங்கே சேர்த்துவைத்துக் கப்பலேற்றினார்கள். தண்ணீர் ஓரத்திலேயே சாப்பாட்டு மேசை, படம் எடுக்க அழகு. ஆனால் கோடை வார இறுதியில் இஸ்தான்புல், இஸ்மிர் கூட்டம் அங்கேதான் இறங்கும், பாட்டும் சத்தமும் இரவு வரை போகும். இறங்கும் சாலை செங்குத்து, குறுகல். எதிரே வண்டி வந்தால் ஒருவர் ரிவர்ஸ் எடுத்தாக வேண்டும். அமைதிக்காக வருபவர்கள் மேலே தங்குவதுதான் சரி.

மேலே தங்குவதென்றால் பெரிய பெட்டியை மறந்துவிடுங்கள். ஊர் பாதுகாக்கப்பட்ட பகுதி என்பதால் வீடுகளெல்லாம் பழைய கல்வீடுகளோ, அதே பாணியில் கட்டியவையோதான். லிப்ட் கிடையாது. மாடிப்படி உயரம், ஜன்னல் சின்னது, சுவர் கனம். கோடையில் அந்தச் சுவர்தான் ஏர்கோன். காரை ஊர் வாசலில் விட்டுவிட்டு நடக்க வேண்டும். தரை முழுவதும் உருண்டைக் கல் பாவியது, நூற்றாண்டுகளாகக் கால் பட்டு வழவழத்துப் போனது. அதில் 28 அங்குலப் பெட்டியை இழுத்தால் முதலில் சக்கரம் போகும், அப்புறம் கைப்பிடி. இரண்டு நாளுக்கு வேண்டியதை முதுகுப் பையில் போட்டுக்கொண்டு மீதியைக் காரிலோ இஸ்தான்புல் ஓட்டலிலோ விட்டுவிடுங்கள். முன்பதிவு செய்யும்போது பான்சியோன் என்ற சிறு விடுதிக்காரரிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: ‘கார் நிறுத்துமிடத்திலிருந்து எத்தனை நிமிட ஏற்றம்?’ ‘பக்கம்தான்’ என்று பதில் வந்தால் மறுபடியும் கேளுங்கள்.

மலை என்றதும் கேமரன் குளிரையோ பினாங்கு மலைக் காற்றையோ நினைக்க வேண்டாம். உச்சி 240 மீட்டர்கூட இல்லை. பத்துமலையின் 272 படி ஏறியவர்களுக்கு உயரம் பொருட்டல்ல. ஆனால் பத்துமலையில் படி ஒரே சீராக இருக்கும், பிடித்துக்கொள்ளக் கம்பி இருக்கும். இங்கே இரண்டும் இல்லை. செருப்பும் ‘குரோக்ஸ்’ வகையும் ஆகாது, ரப்பர் அடி நன்றாகப் பிடிக்கும் ஷூ வேண்டும். மழை பெய்திருந்தால் இறங்கும்போதுதான் ஆபத்து. தெருவின் நடுவை விட்டு ஓரமாக, சொரசொரப்பான கல் பார்த்துக் கால் வையுங்கள்.

கடைத்தெரு முடிகிற இடத்தில், கோயில் வாசலுக்குப் பக்கத்தில், 14ஆம் நூற்றாண்டில் சுல்தான் முதலாம் முராத் காலத்தில் கட்டிய ஹுதாவெந்திகார் மசூதி இருக்கிறது. சதுரக் கட்டடம், ஒரு குவிமாடம், மினாரா கிடையாது. அவசரப்படாமல் கதவருகே ஒரு நிமிடம் நில்லுங்கள். நிலைக்கல்லும் மேற்கல்லும் பழைய தேவாலயத்திலிருந்து வந்தவை. கிரேக்க எழுத்து வரிகள் அப்படியே இருக்கின்றன, செதுக்கிய சிலுவை வடிவமும் தெரியும். பக்கத்தில் அதீனா, உள்ளே தொழுகைத் திசை காட்டும் கிப்லா, கதவில் கிரேக்க மொழிக் கிறிஸ்தவம். எந்த விளக்கப் பலகையும் இதைவிடத் தெளிவாக இந்த ஊரின் கதையைச் சொல்லவில்லை.

கோயிலைப் பற்றி எதிர்பார்ப்பைச் சரியாக வைத்துக்கொள்ள வேண்டும். ஏதென்ஸ் மாதிரி வெள்ளைப் பளிங்கு இல்லை. அந்தக் குன்றிலேயே வெட்டிய ஆண்டசைட் என்ற எரிமலைக் கல். சாம்பலும் பழுப்பும் கலந்த நிறம். முகப்பில் 6, பக்கவாட்டில் 13 என்று மொத்தம் 34 தூண்கள் இருந்தன. இன்று ஒரு சில தூண்களைத்தான் நிமிர்த்தி வைத்திருக்கிறார்கள், அவையும் பல முழு உயரத்துக்கு இல்லை. ஆசியா மைனரில், அதாவது இன்றைய துருக்கியின் ஆசியப் பகுதியில், அந்த ஆரம்பக் காலத்து டோரிக் என்ற கிரேக்கக் கட்டடப் பாணிக் கோயில் என்று சொல்ல இது ஒன்றுதான் மிஞ்சியிருக்கிறது. சிற்பங்களைத் தேடாதீர்கள், ஒன்றும் இங்கே இல்லை. ஒரு பகுதியை 1838இல் சுல்தான் இரண்டாம் மஹ்முத் பிரான்சுக்குக் கொடுத்துவிட்டார். அது லூவரில் இருக்கிறது. 1881 முதல் 1883 வரை அமெரிக்கர்கள் தோண்டியதில் ஒரு பங்கு பாஸ்டனுக்குப் போனது. மீதி இஸ்தான்புல் தொல்லியல் அருங்காட்சியகத்தில். கிரேக்க வீரன் ஹெராக்ளிஸ் கடல்பூதத்தோடு மல்லுக்கட்டும் சிற்பம் லூவரில்தான்; மற்றவற்றைப் பார்க்க ஆசையிருந்தால் இஸ்தான்புல்லில் அரை நாள் ஒதுக்குங்கள்.

பலரும் மேலே கோயிலைப் பார்த்துவிட்டு ‘இவ்வளவுதானா’ என்று திரும்பிவிடுகிறார்கள். நகரம் கீழே இருக்கிறது! துறைமுகச் சாலையில் பாதி வழியில் இன்னொரு வாசல் உண்டு. மேலே வாங்கிய டிக்கெட் அங்கேயும் செல்லுமா என்று கேட்டுக்கொண்டு, சீட்டைக் கசக்கிப் போடாமல் வைத்திருங்கள். கிமு 4ஆம் நூற்றாண்டு மதில் அங்கே சுமார் 14 மீட்டர் உயரம் வரை நிற்கிறது; சுண்ணாம்பு எதுவுமில்லாமல் கல்லோடு கல் பொருத்திய வேலை. மேற்கு வாசலுக்கு வெளியே சாலையின் இரு பக்கமும் கல் சவப்பெட்டிகள் கிடக்கின்றன. அஸ்ஸோஸ் கல்லில் வைத்த உடலை, பல் தவிர, 40 நாளில் அந்தக் கல் தின்றுவிடும் என்று ரோமானிய எழுத்தாளர் பிளினி எழுதிவைத்தார். ‘சதை தின்னி’ என்று பொருள்படும் கிரேக்கச் சொல் இந்தக் கல்லோடு ஒட்டிக்கொண்டு, இன்று எல்லாக் கல் சவப்பெட்டிக்கும் சார்கோபேகஸ் என்றே பெயராகிவிட்டது. அந்தப் பெயர்க்காரணம் தெரியாமலேயே அதன் மேல் உட்கார்ந்து படம் எடுப்பவர்கள் உண்டு. எடுக்காதீர்கள், காவலாளி விசில் அடிப்பார். உள்ளே சந்தைத் திடல், உடற்பயிற்சிக் கூடம், கடலைப் பார்த்து உட்காரும் அரங்கம் எல்லாம் சரிவில் அடுத்தடுத்து வரும். நிழல் கிடையாது. ஆளுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர், தொப்பி, காலை எட்டு ஒன்பது மணிக்கே நுழைவு என்று வைத்துக்கொண்டால் இரண்டு மணி நேரத்தில் முடிக்கலாம். இந்த ஊர் ஆட்கள் கெட்டிக்காரர்கள், மேலிருந்து கீழே நடந்து இறங்கி, டொல்முஷில் மேலே திரும்புவார்கள். அதையே செய்யுங்கள்.

கிமு 347இல் பிளேட்டோ இறந்த பிறகு அரிஸ்டாட்டில் இங்கே வந்து சில வருடம் இருந்தார், ஊர் ஆட்சியாளர் ஹெர்மியாஸின் உறவுப் பெண்ணான பித்தியாஸை மணந்தார். ஊர் வாசலில் அவருக்கு ஒரு சிலை உண்டு. நம் கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு இன்னொரு காரணம்: அப்போஸ்தலர் நடபடிகள் 20ஆம் அதிகாரத்தில் வரும் ஆசோ பட்டணம் இதுதான். கூட வந்தவர்கள் கப்பலில் வர, பவுல் மட்டும் துரோவாவிலிருந்து தரைவழியாக இங்கே வந்து சேர்ந்தார். ‘எபேசு பார்த்தோம்’ என்று சொல்லும் சபைச் சுற்றுலாக்கள் இதை எப்படி விடுகின்றன என்பது விளங்கவில்லை.

சாப்பாட்டில் நம்மவர்களுக்குச் சந்தேகம் ஹலால் பற்றி அல்ல, மாட்டிறைச்சி பற்றி. துருக்கியில் கொஃப்தே என்ற இறைச்சி உருண்டை, சுஜுக் என்ற தொத்திறைச்சி, பல டோனர் எல்லாம் பெரும்பாலும் மாடுதான், அல்லது மாடு கலந்தது. மெனுவில் ‘தானா’ என்றால் கன்று இறைச்சி, ‘குஸு’ என்றால் ஆடு, ‘தாவுக்’ என்றால் கோழி. இந்த மூன்று சொல்லை மனப்பாடம் செய்தால் போதும். சைவக்காரர்களுக்கு இந்தக் கரையோரம் உண்மையில் நல்ல இடம், ஆனால் இரண்டு கண்ணி உண்டு. பருப்பு சூப்பும் பிலாவ் சோறும் பார்க்கச் சைவமாக இருக்கும், இறைச்சிச் சாற்றில் வெந்திருக்கலாம். ‘எத் சுயு வார் மு?’ என்று கேளுங்கள். இறைச்சிச் சாறு இருக்கிறதா என்று அர்த்தம். வெறுமனே ‘இறைச்சி வேண்டாம்’ என்றால் கண்ணுக்குத் தெரியும் துண்டைத்தான் எடுத்துவிடுவார்கள். நம்பி வாங்கக்கூடியது ‘ஸெய்தின்யாலி’ என்ற தலைப்பின் கீழ் வருபவை: ஆலிவ் எண்ணெயில் சமைத்து ஆறவைத்துப் பரிமாறும் பீன்ஸ், ஆர்ட்டிசோக், திராட்சை இலைச் சுருள். அதே சுருள் ‘எத்லி’ என்றிருந்தால் உள்ளே கொத்துக்கறி. பூசணி வகைப் பூவுக்குள் சோறு அடைத்த டொல்மா கிடைத்தால் விடாதீர்கள். காலையில் பறித்த பூ என்பதால் எல்லா நாளும் இருக்காது.

தெருவோரம் பெண்கள் சுடும் கோஸ்லெமேதான் ஊரின் சிறந்த மலிவுச் சாப்பாடு. ரொட்டி சானாய் போல வீசுவதில்லை. விரல் தடிமன்கூட இல்லாத நீளக் கோலால் மாவைத் தாள் மாதிரி தேய்த்து, பாதியில் உள்ளீடு வைத்து மடித்து, குவிந்த இரும்புத் தட்டில் இரண்டு பக்கமும் புள்ளி விழச் சுடுகிறார்கள். ‘பெய்னிர்லி’ என்றால் சீஸ். நம் பனீரும் அதே சொல்தான். ‘கிய்மாலி’ என்றால் மாமாக் கடைக் கீமாவின் சொந்தக்காரன், அனேகமாக மாடு. ‘ஒத்லு’ என்றால் மலைக்கீரை; அதைக் கேளுங்கள். பக்கத்து எஸினே ஊரின் சீஸ் நாடு முழுக்கப் பெயர் பெற்றது, காலைத் தட்டில் தவறாமல் வரும். உறைப்பு மட்டும் எதிலும் இருக்காது. ஒரு சின்னப் பாட்டில் சம்பால் பையில் இருந்தால் மூன்றாம் நாள் நன்றி சொல்வீர்கள். தேநீர் பால் இல்லாமல், நம் தே ஓ போல.

கைப்பேசியை உச்சியில் ஒருமுறை பாருங்கள். எதிரே கிரீஸ் என்பதால், லெஸ்போஸ் கோபுரத்தின் சிக்னல் பலமாக இருந்தால் போன் தானாக அதற்குத் தாவிவிடும். துருக்கிக்கு மட்டும் ரோமிங் பாஸ் வாங்கியவர்களுக்கு அங்கேதான் பில் ஏறும். நெட்வொர்க் தேர்வைத் தானியங்கியிலிருந்து மாற்றி, துருக்கி நிறுவனம் ஒன்றைக் கையால் தேர்ந்தெடுத்து வையுங்கள். குளிர்காலத்தில் இன்னொரு கோளாறும் உண்டு: துருக்கி ஆண்டு முழுக்க ஒரே நேரம், கிரீஸ் குளிர்காலத்தில் ஒரு மணி பின்னால். போன் தாவினால் கடிகாரமும் மாறும், டொல்முஷ் போய்விடும். பணம் அய்வாஜிக்கிலேயே எடுத்துவிடுங்கள், மேலே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்க வேண்டாம். நம் மூன்று முனை பிளக் சேராது, உருண்டை இரண்டு முனை அடாப்டர் தேவை.

மே, ஜூன் முதல் பாதி, செப்டம்பர் நடுவிலிருந்து அக்டோபர் வரை நல்ல காலம். ஜூலை, ஆகஸ்ட் வெயில் நம் வெயிலைப் போல வேர்க்க வைக்காது. காய்ந்து அடிக்கும், தண்ணீர் குறைவது தெரியாது. ஆண்டிறுதிப் பள்ளி விடுமுறையில் போவதென்றால் காற்று எலும்பைத் தொடும், கீழே பல ஓட்டல்கள் மூடியிருக்கும். கடலில் இறங்க வேண்டுமென்றால் துறைமுகம் வேண்டாம். சுமார் 4 கிலோமீட்டர் கிழக்கே காடிர்கா விரிகுடா. மணல் இல்லை, கூழாங்கல்.

பேக்கேஜ் வாங்கியவர்கள் நடுவில் கழன்று இங்கே வர முடியாது. குரூப் டிக்கெட்டில் தேதி மாற்றுவதும் லேசில் நடக்காது. ஏஜென்டிடம் முன்பணம் கட்டுவதற்கு முன்பே, ‘மூன்று நாள் முன்னதாகப் பறந்து இஸ்தான்புல்லில் குழுவோடு சேர்ந்துகொள்கிறேன், டிக்கெட்டைத் தனியாகப் போடுங்கள்’ என்று கேளுங்கள். விமானக் கட்டணம் கழித்த தரைச் செலவு விலை எல்லாரிடமும் உண்டு, கேட்டால்தான் சொல்வார்கள். 15 நாள் செல்லும் அருங்காட்சியக பாஸ், அஸ்ஸோஸ் ஒன்றுக்காக வாங்கினால் நஷ்டம். டிராய், பெர்கமம், எபேசு, பாமுக்காலே எல்லாம் சொந்தமாகப் போகிறவர்கள் கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

வாங்கிவர ஆலிவ் எண்ணெய் நல்லது. கண்ணாடிப் பாட்டில் வேண்டாம், தகரம் கேளுங்கள்; மூடியைச் சுற்றி டேப் ஒட்டி, இரண்டு பிளாஸ்டிக் பைக்குள் போட்டு, ஏற்றும் பெட்டியில் துணிக்கு நடுவே வையுங்கள். காய்ந்த கெக்கிக் என்ற ஓரிகானோ வகை இலை, சேஜ் இலை எடை இல்லாதவை, மேசையில் விற்கும் பெண்களிடமே வாங்குங்கள். எஸினே சீஸை மட்டும் அங்கேயே சாப்பிட்டு முடித்துவிடுங்கள். பால் பொருளுக்கு கேஎல்ஐஏவில் சோதனை அதிகாரிகள் அனுமதிப் பத்திரம் கேட்டால் காட்ட நம்மிடம் ஒன்றும் இருக்காது.